இடையிசையில் இருந்த பெயர்

மணற்கரையில் மனிதர்களின் பெயர்கள் ஒலியை இழந்த அந்த ஆண்டில் உப்பு வழக்கம்போலவே விளைந்தது, மீன் வழக்கம்போலவே வந்தது, ஆடிக்காற்று வழக்கம்போலவே உப்பள வரப்புகளின் மேல் வெண்புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தது. ஆகவே நடந்ததைப் பெரிய காரியம் என்று ஊரார் நெடுங்காலம் நினைக்கவில்லை. நினைக்காமல் இருந்தது அவர்களுடைய இரண்டாவது பிழை. முதற்பிழையைச் சொல்ல வேண்டுமானால் ஞானதிரவியத்தின் மடிக்கணினியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஞானதிரவியம் கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடைகளுக்கும் மைக்செட் போட்டுப் பிழைத்தவர். புனல் ஒலிபெருக்கிகளின் காலம் ஓய்ந்து கணினியின் காலம் வந்தபோது அவரும் ஒரு மடிக்கணினியை வாங்கி, உப்பளத் தொழிலாளர் சங்கக் கட்டடத்து மாடியில் ஞாயிறு மாலைதோறும் கரோக்கே நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். வெள்ளைத் துணியில் பாட்டின் வரிகள் ஓடும். பாடகரின் குரல் நீங்கிய வெறும் இசை ஒலிபெருக்கியில் பெருகும். வங்கிக் காசாளரும் மீன் ஏலக்காரரும் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளும் ஒருவர்பின் ஒருவராக மைக்கைப் பிடித்து, "சுருதியை ஒரு கட்டை இறக்கிப் போடுங்கண்ணாச்சி" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, வாரமெல்லாம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததைப் பாட்டாகக் கொட்டுவார்கள். பாடுவது பாவமன்று. உப்புக் காற்றில் தொண்டை வறண்ட ஓர் ஊர் வாரத்துக்கு ஒருமுறை வாய்விட்டுப் பாடியதை எந்தத் தெய்வமும் குற்றமாகக் கொள்ளாது. ஆனால் பாட்டைக் கட்டியவருக்கும் எழுதியவருக்கும் சேரவேண்டியது சேர்ந்ததா என்று அந்த மாடியில் யாரும் கேட்டதில்லை. அந்த வெறும் இசை எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டதில்லை.

அது ஒரு மனிதரிடமிருந்து வந்தது. எங்கோ ஓர் ஊரில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, சன்னல்களையும் சாத்திவிட்டு, ஒரு கீபோர்டின்முன் தனியாக உட்கார்ந்து, பழைய பாடல்களின் வயலினையும் குழலையும் தபேலாவையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு, ஒவ்வொன்றாகக் கையால் வாசித்து, குரல் மட்டும் இல்லாத முழுப் பாடலாக அவற்றை மறுபடி கட்டி, கேட்டவர்க்கெல்லாம் சும்மா கொடுத்தார் அவர்; பென்டிரைவ்களில் பல கை மாறி அவை மணற்கரைக்கு வந்தன. பதிலாக ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். இடையிசையின் நடுவே, வாத்தியங்களைச் சற்றே தணித்து, தாழ்ந்த குரலில் தம் பெயரையும் ஊரையும் சொல்வார், சொல்லிவிட்டு, "இதை யாரும் பாடலாம். என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்" என்பார். பிறகு இசை மீண்டும் நிமிரும்.

மணற்கரை இதைக் கேட்டுச் சிரித்தது.

"யாருவே அவன், பாட்டுக்கு நடுவுல வந்து ஆஜர் சொல்லுதான்?" என்றார் கரோக்கே மன்றத்தின் தலைவர் ஆவுடையப்பன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு சென்ட் நிலத்துக்கும் நான்கு எல்லை எழுதி, இன்னாருடையது என்று முத்திரை குத்தியே தலை நரைத்தவர். "வெட்டிப்புடும்வே அதை. பாட்டு என்ன பட்டா நிலமா, இவன் பேரைப் போட்டு வச்சுக்கிட?"

ஞானதிரவியம் வெட்டினார். கணினித் திரையில் ஒலி ஒரு பச்சை அலையாக ஓடும். வாத்தியங்கள் அடர்ந்த புதராகத் தெரியும். அந்தக் குரல் வருமிடம் மட்டும் வெட்டவெளியில் தனித்து நிற்கும்; அதன் தொடக்கத்தில் அந்தப் பெயர் இரண்டு மேடுகளும் ஒரு மெல்லிய வாலுமாக எழும். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு அது புலப்படும். அதற்கு முன் ஒலியை மெல்லத் தணிப்பார், அதற்குப் பின் மெல்ல உயர்த்துவார், நடுவிலிருந்ததை எடுத்து எறிந்துவிட்டு, அதே இடையிசையின் வேறொரு துண்டை அங்கே ஒட்டுப் போடுவார். ஒட்டிய தையல் வெளியே தெரியாது. இதையெல்லாம் ஒலியை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியில் செய்தி பார்த்தபடியே செய்வார். நூற்றுக்கணக்கான முறை அந்தப் பெயரை அறுத்தவர், ஒருமுறையும் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. கண்ணால் வெட்டினார். வெட்டியபின், டிராக் என்று அவர்கள் சொல்லும் அந்த இசைப்பதிவு ஒவ்வொன்றுக்கும் 'மணற்கரை கரோக்கே மன்றம்' என்று புதுப்பெயர் சூட்டினார்.

கேட்டது அவர் மனைவி அமலோற்பவம். டிராக்குகள் வந்து இறங்கும்போது அவர் அவற்றைச் சோதிக்க ஓட விடுவார். அடுக்களையில் நெத்திலி ஆய்ந்துகொண்டு அவள் கூடவே முணுமுணுப்பாள். இடையிசையில் அந்தக் குரல் வந்ததும் அதே தாழ்ந்த தொனியில், அதே நிதானத்தில், பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள்.

"இந்தாங்க, அந்த மனுஷன் என்ன சொல்லுதார்னு ஒரு வாட்டி கேட்டுட்டாவது வெட்டுங்களேன்."

"நீ மீனை வெட்டு, நான் இதை வெட்டுதேன்."

"மீனுக்குப் பேரு இல்லங்க" என்றாள் அமலோற்பவம். அந்தச் சொல்லும் அவர் காதுக்கு வெளியே விழுந்தது.

அதன்பின் ஒரு ஞாயிறு மாலை, ஆவுடையப்பன் மேடையேறி, "அடுத்தபடியாகப் பாட வருபவர்" என்று தொடங்கி, வாயை அசைத்தார். ஒலி வரவில்லை. "அவர்களை அன்போடு அழைக்கிறேன்" என்பது தெளிவாகக் கேட்டது. ஞானதிரவியம் கம்பியை ஆட்டிப் பார்த்தார், மைக்கைத் தட்டிப் பார்த்தார், மாற்று மைக் கொடுத்தார். மறுபடியும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மௌனம். அழைக்கப்பட்டவர் தாமாகவே எழுந்து வந்து பாடினார், கைதட்டினார்கள், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அங்கேயும் அதே மௌனம் இருந்தது. அந்த மாடியில் பாடியவர்களின் பெயர்கள் முதலில் போயின, பிறகு கைதட்டியவர்களின் பெயர்கள், பிறகு தெருவில் நின்று கேட்டவர்களின் பெயர்கள், பிறகு அவர்களுடைய தொட்டில் குழந்தைகளின் பெயர்கள். எழுதினால் எழுத்து நின்றது. சொன்னால் ஒலி இல்லை. வெளியூரில் அதே பெயர் கொண்ட வேறொருவரைச் சொன்னால் கணீரென்று கேட்டது. மணற்கரை ஆளைச் சொன்னால் மட்டும் உதடு அசைந்து ஓய்ந்தது.

இனி அந்த ஊர் இதை எப்படித் தாங்கியது என்று கேட்பீர்கள். தாங்க வேண்டிய தேவையே அதற்கு ஏற்படவில்லை. அண்ணாச்சி என்றும், மைனி என்றும், சித்தி என்றும், மாப்ளே என்றும், ஏல என்றும், ஏட்டி என்றும் கூப்பிட்டே பழகிய ஊர் அது. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்வதில்லை, பெண்டாட்டி பெயரைப் புருஷன் சொல்வதில்லை, பெரியவர் பெயரைச் சிறியவர் சொல்வதில்லை. ஆக, பெயர்கள் செத்துக் கிடந்ததையே பல வீடுகள் வாரக்கணக்கில் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எண் கொடுத்தார்கள். கோயிலில் அர்ச்சகர் நட்சத்திரத்தை மட்டும் சொல்லிக் கற்பூரம் காட்டினார். மாதாகோயிலில் திருமண அறிவிப்பு வாசித்தபோது குருவானவரின் உதடுகள் அசைய, பெண்ணும் பிள்ளையும் எழுந்து நின்று தங்களைக் காட்டிக்கொண்டார்கள். கட்சிக் கூட்டங்களுக்கு ஒரு குறைவுமில்லை. அங்கே முன்பும் பட்டங்கள்தாம் முழங்கின. வசவுகள் அட்சரம் பிசகாமல் கேட்டன.

"ஹலோ, நான்தான் பேசுதேன்."

"எந்த நான்தான்?"

"அதான், நான்தாம்ல!"

என்று கைப்பேசிகளில் கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டார்கள். "நிம்மதிவே" என்றார் ஆவுடையப்பன், "கடங்காரன் வாசல்ல நின்னு பேரைச் சொல்லி ஏலம் போட முடியாதுல்லா?" மனிதன் எதையும் பழகிக்கொள்வான் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதைப்போல அஞ்சத்தக்க குணம் மனிதனிடம் வேறில்லை.

ஒரே ஒருவருடைய பெயர் மட்டும் ஒலித்தது: பாத்திரக்கடை காசிலிங்கம். அவருக்கு இளைப்பு நோய். பல்லவி முடிவதற்குள் மூச்சு வாங்கும். இடையிசையில் அந்தக் குரல் வரும் நேரம் தமக்கு மூச்சிழுக்க வசதியாக இருக்கிறதென்று, "என் டிராக்குல கை வைக்காதீரும், அவன் பேசி முடிக்கட்டும், நான் மூச்சு விட்டுக்கிடுதேன்" என்று வெட்டாத டிராக்கிலேயே பாடி வந்தார். பிறர் பெயர்க்கு மரியாதை செய்யும் எண்ணம் அவருக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. அவருடைய நெஞ்சு அவரைக் காப்பாற்றியது. ஊரில் கூப்பிடக்கூடிய ஒரே பெயர் என்பதால் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். வேலையில்லாமல் கடைமுன் நின்று, "காசிலிங்கம்!" என்று கூவிவிட்டு, அந்த ஒலி காற்றில் கரைவதைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"என்னவே வேணும்?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மாதான். ஒரு பேரைச் சொல்லி எம்புட்டு நாளாச்சு!"

இந்த நாட்களில்தான் ஞானதிரவியத்துக்கு உண்மை தெரிந்தது. தபால்காரர் வாசலில் நின்று அமலோற்பவத்தைப் பெயர் சொல்லி அழைத்தார். தொழில் பழகிய காதுக்கு மௌனத்தின் ஓரங்கள் கேட்டன: பெயருக்கு முந்திய சொல் மெல்லத் தணிந்தது, பிந்திய சொல் மெல்ல உயர்ந்தது, நடுவே இருந்த வெறுமை இரண்டு மேடும் ஒரு வாலும் கொள்ளும் அளவில் இருந்தது. அது அவருடைய வெட்டு. தம் கைத்தையலை அடையாளம் காணாத தையற்காரன் உண்டா?

அப்போது அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்பது வாசிக்கும் உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது. காசிலிங்கத்தின் வெட்டாத டிராக்கை மேடையில் ஓடவிட்டு, அந்தப் பெயரை ஊர் முழுக்கக் கேட்கச் செய்து, அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் "இவர் பேரு மட்டும் எப்படிக் கேக்கு?" என்று ஊரில் பேச்சு எழத் தொடங்கியிருந்தது. அந்தக் கேள்வி நடந்து நடந்து தம் வாசலுக்கு வந்துவிடும் என்று அஞ்சினார் ஞானதிரவியம். எல்லாரும் ஒன்றானால் கேள்வி எழாது என்று கணக்குப் போட்டார். ஆண்டு விழாவுக்கு மெருகேற்றுவதாகச் சொல்லி அந்தக் கடைசி டிராக்கையும், ஒலியை அணைத்துவிட்டு, கண்ணாலேயே வெட்டினார். கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். அந்த ஞாயிறு காசிலிங்கம் மூச்சிழுக்க இடமின்றித் திணறிப் பாடி இறங்கினார், திங்கட்கிழமை காலை கடைமுன் ஒருவன் ஆசையாகக் கூவினான், உதடுதான் அசைந்தது. அறியாமையால் செய்தது வேறு, அறிந்து செய்தது வேறு. முன்னதற்கு மருந்துண்டு.

மார்கழியில் அமலோற்பவம் அடுக்களையில் விழுந்தாள். மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். மாவட்டத் தலைநகரின் பெரிய மருத்துவமனையில், பெண்கள் நிறைந்த நீண்ட கூடத்தில், கண் மூடியே கிடந்தாள். மருத்துவர் வெளி மாவட்டத்திலிருந்து வந்த இளம்பெண், பொறுமையாகப் பேசினார்.

"நாங்க செய்ய வேண்டியதைச் செய்துட்டோம். அவங்க உள்ளே எங்கேயோ இருக்காங்க, வெளியே வர வழி தெரியல. காதுகிட்ட போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. வேற எந்தச் சத்தத்துக்கும் திரும்பாதவங்க, சொந்தப் பேருக்குத் திரும்புவாங்க. ரெண்டு மூணு நாள்தான் பார்க்க முடியும். விடாம கூப்பிடுங்க."

"கூப்பிடுதேன் டாக்டர்."

குனிந்தார். முப்பது வருடத்துக்கும் மேல் சொல்லாத பெயரைச் சொன்னார். உதடு அசைந்தது. மறுபடி சொன்னார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். கூடத்தில் ஒரு தட்டு விழும் ஓசைகூட அதைவிட உரக்கக் கேட்டது. மருத்துவர் ஏட்டைப் பார்த்துத் தாமே கூப்பிட்டார். தம் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஏ புள்ள" என்றார் ஞானதிரவியம். "எம்மா" என்று தேம்பினாள் மணமாகிப் போயிருந்த மகள். "எக்கா" என்று அழைத்தார்கள் உறவுக்காரர்கள். 'எம்மா' என்றபோது அந்தக் கூடத்தில் இருந்த தாய்மாரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்; 'எக்கா' என்றபோது அக்காமாரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்; அமலோற்பவம் திரும்பவில்லை. அவையெல்லாம் அவளும் உட்கார்ந்திருந்த இருக்கைகள், அவ்வளவுதான். அவள் ஒருத்திக்கே உரியது அந்தப் பெயர் ஒன்றுதான்; அதைத்தான் அவர் வெட்டியிருந்தார்.

அவர் ஊருக்கு ஓடினார். அந்த மனிதரின் பெயரைத் திருப்பிச் சொன்னால் இவளுடைய பெயர் திரும்பும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. செய்த கைக்கு அது தெரிந்திருந்தது. கணினியில் தேடினார்: எல்லாவற்றிலும் ஒட்டுப் போட்ட இடையிசை. அக்கம்பக்கத்து ஊர்களின் மன்றங்களைக் கேட்டார்: "உங்க டிராக்குதான் அண்ணாச்சி சுத்தமா இருக்கு, பழசையெல்லாம் அழிச்சுட்டு உங்களதத்தான் வச்சிருக்கோம்" என்றார்கள். இணையத்தில் தேடினார்: அவரே சூட்டிய 'மணற்கரை கரோக்கே மன்றம்' என்ற பெயர் பக்கம் பக்கமாக வந்து அவரைப் பார்த்தது. ஆவுடையப்பன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பேரா? எவன்வே அதைக் கேட்டான்? வெட்டத்தான சொன்னேன்" என்றார் ஆவுடையப்பன். கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "வாழ்நாள் பூரா யாரு பேருல எதுன்னு எழுதுனவன்வே நான். எனக்கே தோணலியே."

கடைசியில் பாத்திரக்கடை.

"நீரு விடாம கேட்டவரு அண்ணாச்சி. அவரு பேரு என்ன?"

காசிலிங்கம் ஒரு செம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மூச்சுல இருந்தேன்வே. அவரு பேசுன நேரமெல்லாம் நான் என் மூச்சைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்." செம்பைக் கீழே வைத்தார். "ஏன், உம்ம வீட்டுக்காரம்மா, தங்கச்சிதான் அந்தாளு மாதிரியே பேசிக் காட்டுமே. பொங்கப்பானை வாங்க வந்தப்பகூடச் சொல்லிச் சிரிச்சுச்சு. ஊர்லயே அந்தப் பேரு தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

பூட்டின் சாவி பூட்டிய வீட்டுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் அவர் மடிக்கணினியோடு மருத்துவமனைக்கு வந்தார். அந்தப் பெயர் காதில் இல்லை, கண்ணில் இருந்தது: இரண்டு மேடு, ஒரு மெல்லிய வால். உலகத்திலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது, திரையில் எழும் அலையைப் பார்ப்பது, பொருந்துகிற வடிவத்தைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்திருந்தார். மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று செவிலியர் சொன்னதால் இரு காதையும் மூடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பழைய பாட்டு ஒன்றின் இடையிசையைத் தாளத்துக்காக அதில் ஓடவிட்டு, கட்டிலின் விளிம்பில் சிறு மைக்கை வைத்து, கிசுகிசுப்பாகச் சொல்லத் தொடங்கினார். பதிவு செய்யவில்லை, வடிவத்தைப் பார்த்தால் போதும் என்பது அவர் தொழில்முறை. சேவியர் என்றார்: மூன்று மேடு. இராமநாதன் என்றார்: புதர். அந்தோணி, முருகேசன், காதர், பால்ராஜ், வேலாயுதம், சந்தியாகு. ஒருவர் பெயரைத் தேடி ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேரை அழைத்தார். முதல் நாள் போயிற்று. பிறகு ஒரு நாள் போயிற்று. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அவ்வளவு பெயர்களை அவ்வளவு அருகில் இருந்து தன்னிடம் சொல்லும் ஒருவரை அமலோற்பவம் முன்பு கண்டதில்லை. அவர் எதைத் தேடுகிறார் என்பது, உள்ளே எங்கோ இருந்த அவளுக்கு, மெல்ல மெல்லப் புரிந்திருக்க வேண்டும்.

பார்வையாளர் நேரம் முடிகிற மாலைப்பொழுது. பக்கத்துக் கட்டில்காரியைச் சோதனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஞானதிரவியம் வாய் உலர்ந்து, அடுத்த பெயரைச் சொல்லுமுன் ஒருகணம் நிறுத்தினார். அவர் எதுவும் சொல்லாத அந்தக் கணத்தில், திரையில் அலை தானாக எழுந்தது. ஒரு மேடு. இன்னொரு மேடு. அதன்பின் மெல்லிய வால். நூற்றுக்கணக்கான முறை அவர் வெட்டிய அதே வடிவம், அப்பழுக்கின்றி, திரையின் வலப்பக்கத்தில் பிறந்து, இடப்பக்கமாக நகர்ந்து, விளிம்பைத் தாண்டி மறைந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். அமலோற்பவத்தின் உதடுகள் சற்றே திறந்திருந்தன. யாரையோ நையாண்டி செய்து முடித்ததுபோல ஒரு சிரிப்பின் தொடக்கம் அவற்றில் இருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். "புள்ள, கேக்குதேன். இப்ப கேக்குதேன். இன்னும் ஒரே ஒரு வாட்டி."

திரையில் பச்சைக் கோடு நேராக ஓடியது.

கல்லறைத் தோட்டத்தில் குருவானவர் அவள் பெயரைச் சொல்லும் இடத்தில் உதடசைத்துவிட்டு, தொடர்ந்து ஜெபித்தார். பெயரில்லாமல் ஒருத்தியை மண்ணுக்குக் கொடுத்ததை மணற்கரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. அந்த மௌனத்தில் தங்கள் தங்கள் முறையையும் கேட்டது. ஆவுடையப்பன் தலையிலடித்துக்கொண்டு அழுதார்.

ஞானதிரவியம் எல்லா டிராக்குகளையும் திறந்து, ஒட்டுப் போட்ட துண்டுகளைப் பிரித்து எடுத்தார். வைக்கப் பெயர் இல்லாததால் அந்த இடங்களை வெறுமையாக விட்டார். இன்றும் ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்து மாடியில் பாடுகிறார்கள், இடையிசையில் அந்த இடம் வந்ததும் இசை அறுந்து நிற்கும், பாடுகிறவர் மைக்கைத் தாழ்த்திக்கொள்வார், கூட்டம் எழுந்து நிற்கும், காசிலிங்கத்தின் இளைப்பு மட்டும் கேட்கும், பிறகு உட்கார்ந்துகொள்வார்கள்.

ஆகவே, பாடுகிறவர்களே, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் பெட்டிகளில் கிடக்கும் பழைய பென்டிரைவ்களைத் தேடிப் பாருங்கள். எதிலாவது இடையிசையின் நடுவே ஒரு தாழ்ந்த குரல் வருமானால், பாட்டை நிறுத்துங்கள், சிரிக்காதீர்கள், காது கொடுத்துக் கேளுங்கள். கேட்ட பெயரை மறக்குமுன் எடுத்துக்கொண்டு மணற்கரைக்கு வாருங்கள். மாதாகோயிலுக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்தில், உப்பளத்தைப் பார்த்த கடைசி வரிசையில், மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் காதுகளில் ஹெட்போன் இராது. அவரிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள், அவருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லுக்கும் அது கேட்க வேண்டும்.